தராசில் தெரியும் கனம்



நீலகிரி மலையின் குளிரிலும் மழையிலும் மண்சரிவிலும் நம்மைக் கண்மணிபோலக் காத்து, இந்த மாதத்தையும் காணச்செய்த தேவனுக்கே எல்லா மகிமையும் உண்டாவதாக. ஆமென்.

இந்த மாதம் உங்களோடு ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசும்படி ஆவியானவர் என் உள்ளத்தில் பாரப்படுத்தினார். அந்த வார்த்தை "கனம்".

கர்த்தரைக் கனம்பண்ண வேண்டும் என்று நாம் எல்லாரும் சொல்லுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கைகளை உயர்த்துகிறோம். கண்ணீரோடு பாடுகிறோம். அந்நிய பாஷையில் பேசி ஆவியில் களிகூருகிறோம். இதெல்லாம் வேண்டும், நல்லது. ஆனால் திங்கட்கிழமை காலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு காட்டுக்கு இறங்குகிறோமே, அங்கே கர்த்தரை எப்படிக் கனம்பண்ணுவது? இலை எடை போடுகிற இடத்திலே, தூள் கடையிலே, கூலி கொடுக்கிற சனிக்கிழமை சாயங்காலத்திலே அவருக்குக் கனம் உண்டா? இதுதான் கேள்வி.

கனம் என்றால் பாரம்

தேவபிள்ளையே, நம் தமிழிலே ஓர் அழகான காரியம் உண்டு. "அந்த மூட்டை ரொம்ப கனம்" என்கிறோம். "பெரியவங்களைக் கனம்பண்ணு" என்றும் சொல்லுகிறோம். பாரத்துக்கும் மரியாதைக்கும் ஒரே சொல். வேதாகமம் எழுதப்பட்ட எபிரெய மொழியிலும் அப்படியே இருக்கிறது. மகிமை, கனம் என்பதற்கு அங்கே உள்ள சொல் "காபோத்". அதன் வேரைத் தேடிப் போனால் பாரம் என்ற பொருளில் போய் நிற்கும். ஒருவரைக் கனம்பண்ணுவது என்றால், அவர் நம் வாழ்க்கையில் பாரமுள்ளவராய் இருக்கிறார் என்று காட்டுவது. அவரை அசட்டைபண்ணுவது என்றால், அவரை லேசாக எண்ணுவது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். தம்மைக் கனப்படுத்துகிறவர்களைத் தாமும் கனப்படுத்துவதாகவும், தம்மை லேசாக எண்ணுகிறவர்கள் லேசாக எண்ணப்படுவார்கள் என்றும் கர்த்தர் சொன்னது 30-ம் வசனத்தில் இருக்கிறது. நம்மில் அநேகருக்கு இது மனப்பாடம். காலண்டரில் போட்டிருக்கிறோம், வீட்டு வாசலில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் எந்தச் சூழ்நிலையில் அதைச் சொன்னார் என்று கவனித்தீர்களா?

சீலோவிலே ஆசாரியனாகிய ஏலியின் குமாரர் இரண்டுபேர் இருந்தார்கள், ஓப்னி, பினெகாஸ். ஜனங்கள் பலியிட்டு இறைச்சியை வேகவைக்கும்போது, இவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள ஒரு கருவியோடு வருவான். அதைச் சட்டிக்குள்ளே விடுவான். அதில் எது வந்ததோ அது ஆசாரியனுக்கு. கர்த்தருக்குச் செலுத்தவேண்டிய கொழுப்பு எரிக்கப்படும் முன்னே பச்சை இறைச்சியைக் கேட்பான். "கொடுக்காவிட்டால் பிடுங்கிக்கொள்வேன்" என்று மிரட்டுவான். அதாவது, அளவு தவறி எடுத்தார்கள். ஜனங்களுக்குரியதிலும் எடுத்தார்கள், தேவனுக்குரியதிலும் எடுத்தார்கள்.

இதன் விளைவு என்ன தெரியுமா? 17-ம் வசனத்தைப் பாருங்கள். ஜனங்கள் கர்த்தருக்குக் காணிக்கை கொண்டுவருவதையே வெறுத்துப்போனார்கள்! ஓப்னியும் பினெகாசும் எடுத்தது சில துண்டு இறைச்சிதான். போனது தேவனுடைய கனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாலாம் அதிகாரம் 18-ம் வசனத்திலே ஏலி ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து சாகிறார். அவர் வயதானவர், உடல் பாரமுள்ளவர் என்று எழுதியிருக்கிறது. எபிரெயத்தில் அங்கே வருவதும் அதே வேர்ச்சொல்தான். பலிகளின் நல்ல பங்கைத் தின்று கொழுத்துப்போகிறீர்களே என்று கர்த்தர் இரண்டாம் அதிகாரத்திலேயே அவரைக் கடிந்துகொண்டார். கர்த்தருக்குப் போகவேண்டிய கனம் ஏலியின் சரீரத்தில் ஏறிவிட்டது. அந்தப் பாரமே அவரை விழத்தள்ளியது. எவ்வளவு பயங்கரம்!

ஆகவே, கனம் என்கிற அந்த வாக்குத்தத்தம் பாட்டுக் கூட்டத்திலே பிறந்தது அல்ல. அளவு மோசடி நடந்த இடத்திலே பிறந்தது.

உங்களைக் கொண்டுவந்த தேவன் கேட்கிறார்

நம் மலையிலே தராசு என்பது சின்ன காரியம் இல்லை. அதை நம்பித்தான் வீடுகளில் அடுப்பு எரிகிறது. எஸ்டேட்டிலே கொழுந்து பறிக்கிற சகோதரிக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. அதற்குமேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. கோத்தகிரி, குந்தா, மஞ்சூர் பக்கத்துச் சிறு விவசாயிக்கோ இலையை எடுத்துப்போகிற வண்டி வரும்போது தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் மாத வருமானம்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாக்கு எடை என்றும், ஈரம் என்றும் சொல்லி, நியாயமாகக் கழிக்க வேண்டியதற்குமேல் ஆளுக்கு ஒரு கிலோ கழித்தால், 30 பெண்களிடம் ஒரு நாளைக்கு 30 கிலோ. 25 நாளைக்கு 750 கிலோ. அதிலிருந்து நூற்றறுபது கிலோவுக்கு மேல் தூள் வரும்! அந்தத் தூள் யாருடைய கணக்கிலும் இல்லை. ஆனால் பரலோகத்தின் கணக்கிலே இருக்கிறது.

நம் சபைகளிலே உட்கார்ந்திருக்கிற அநேகம் குடும்பங்கள் எங்கிருந்து வந்தவர்கள்? இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. நாலு தலைமுறை உழைத்த தோட்டத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிலே பதிவு செய்து, தகரப் பெட்டியோடு நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. 1976-ல் அது டான்டீ என்ற கழகமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று எல்லாப் பக்கமும் அந்த ஜனங்களின் கண்ணீரும் வியர்வையும் இந்த மண்ணிலே கலந்திருக்கிறது.

அந்தப் பாட்டிமார்களிடம் நான் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறேன். கண்டித் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் சொல்லுவது குளிரையும் அட்டையையும். அடுத்தது தராசு. "பறிச்சது ஒண்ணு சாமி, பேர்ல விழுந்தது ஒண்ணு" என்பார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் அது மறக்கவில்லை!

இப்போது லேவியராகமம் 19-ம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். சரியான தராசு, சரியான நிறைகல், சரியான படி உங்களிடம் இருக்கவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். அதே மூச்சிலே, உங்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே என்று சேர்த்துச் சொல்லுகிறார். தராசுக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, பிரியமானவர்களே. எடையில் ஏமாற்றப்படுவது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வலியிலிருந்து உங்களை நான் தூக்கிக் கொண்டுவந்தேன். இப்போது தராசு உங்கள் கையில் இருக்கிறது. நீ என்ன செய்கிறாய்?

அன்று தராசுக்கு முன்னே நின்றவர்களின் பிள்ளைகள் இன்று தராசுக்குப் பின்னே நிற்கிறார்கள். மேஸ்திரியாக, சூப்பர்வைசராக, ஏஜெண்டாக, கடைக்காரராக, நாலு பேருக்குக் கூலி கொடுக்கிறவராக கர்த்தர் உயர்த்தியிருக்கிறார். ஸ்தோத்திரம்! கப்பலில் கொண்டுவந்த தேவன் இப்போது தராசைப் பற்றிக் கேட்கிறார்.

ஒரு சகோதரனின் சாட்சி

எங்கள் பக்கத்திலே ஒரு சகோதரன் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளிடம் இலை எடுக்கிற ஒருவரிடம் எடை போடுகிற வேலை பார்த்தார். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள்.

ஒரு மழைக்காலத்திலே முதலாளி அவரைக் கூப்பிட்டு, "சாக்குக்கு ரெண்டு கிலோ சேர்த்துக் கழி. ஈரம்னு சொல்லிடு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். சகோதரன் மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, ஈரம் இருந்தா இருக்கிற அளவுக்குக் கழிக்கிறேன். இல்லாத ஈரத்தை என்னால எழுத முடியாது." சண்டை போடவில்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. அந்த வாரத்தோடு வேலை போனது.

இந்த இடத்தில் நீங்கள், "மறுநாளே இதைவிட நல்ல வேலை கிடைத்தது, அல்லேலூயா" என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. பதினோரு மாதம் கூலிக்குப் போனார். கேரட் கழுவுகிற இடத்திலே விடியற்காலம் ஐஸ் மாதிரித் தண்ணீரில் நின்றார். ரோட்டு வேலைக்குப் போனார். மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. பெரிய பெண்ணின் பள்ளிக்கூட பீஸ் இரண்டு தவணை நின்றது.

ஒரு நாள் உபவாச ஜெபம் முடிந்ததும் அவர் என்னிடம், "ஐயா, கனம்பண்ணுறவங்களைக் கர்த்தர் கனம்பண்ணுவார்னு வேதத்துல இருக்கே. எனக்கு எப்போ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார். அவசரமாய் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்கத்திலே உட்கார்ந்தேன். இருவரும் கொஞ்சநேரம் அழுதோம். "பிரதர், தேதி எனக்குத் தெரியாது. ஆனா உங்க கை சுத்தமா இருக்கு, அதை ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்கார்" என்று மாத்திரம் சொன்னேன்.

சில மாதம் சென்று ஒரு படகர் கிராமத்துப் பெரியவர் அவரைத் தேடி வந்தார். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. அந்த ஊர் விவசாயிகள் தங்கள் இலையை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, தாங்களே எடைபோட்டு, தொழிற்சாலைக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார்கள். பெரியவர் சொன்னார்: "தம்பி, எடை போட ஆள் வேணும். ஊர்ல எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றாங்க. நீ எடை போட்டா நாங்க தராசை எட்டிப் பாக்கவேண்டியதில்லை. உங்க சாமி உன்னை அப்படி வச்சிருக்கார்."

சம்பளம் பழையதைவிடக் குறைவுதான். கம்மலை மீட்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. இன்றைக்கும் அவர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அந்தப் பெரியவரின் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தையை மறுபடி வாசியுங்கள். கைப்பிரதி கொடுத்தபோது வாங்காத கிராமம் அது. அந்த ஊரிலே நம் ஆண்டவருடைய நாமம் பாரமுள்ளதாகிவிட்டது. சீலோவிலே என்ன நடந்ததோ அதற்கு நேர் எதிர் இங்கே நடந்தது! அங்கே அளவு மோசடியைப் பார்த்து ஜனங்கள் காணிக்கையை வெறுத்தார்கள். இங்கே சரியான எடையைப் பார்த்து ஜனங்கள் தேவனை நினைத்தார்கள்.

தேவபிள்ளையே, கர்த்தரைக் கனம்பண்ணினால் காசு வரும் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். அவருக்குக் கனம் வரும். அவருக்கு வருகிற கனத்திலே உனக்கும் ஒரு பங்கு உண்டு. அது போதாதா?

நாம் செய்யவேண்டியவை

கேட்டுவிட்டு மறந்துபோகிறவர்களாய் இருக்கவேண்டாம். இந்த வாரமே செய்யக்கூடிய சில காரியங்களை எழுதுகிறேன்.

1. தராசு வைத்திருக்கிறவர்களே: எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை வாங்கவேண்டும். 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டம் உண்டு. நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை அதைப் பார்க்கிறது. முத்திரை தேதி தாண்டியிருந்தால் இந்த வாரமே போய்ப் போட்டுவிடுங்கள். எடை போடும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்பதை எதிரில் நிற்பவர் பார்க்கட்டும். எடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் நோட்டிலும் எழுதிக்கொடுங்கள். காலிச் சாக்கை ஒருமுறை எடைபோட்டு அந்த எடையை மாத்திரம் கழியுங்கள். உபாகமம் 25-ம் அதிகாரத்திலே, ஒரே பையில் பெரிய கல் ஒன்று சின்ன கல் ஒன்று வைத்திருப்பதைக் கர்த்தர் தடைசெய்கிறார். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல்! நம் பையில் அது வேண்டாம்.

2. கொழுந்து பறிக்கிற சகோதரிகளே: மேலே இருக்கிறவர்கள் மாத்திரம்தான் ஏமாற்றுவார்கள் என்று இல்லை. நமக்குத் தெரியும். ரெண்டு இலையும் ஒரு கொழுந்தும் மேலே, முத்தின இலையும் காம்பும் அடியிலே. எடைக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர். சாக்கிலே அமுக்கித் திணித்தால் இலை சூடேறிச் சிவந்து தூளின் தரமே கெட்டுப்போகும். கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்திலே பவுல், பார்வைக்கு வேலைசெய்யாமல் தேவனுக்குப் பயந்து மனப்பூர்வமாய்ச் செய்யும்படி வேலைக்காரருக்கு எழுதுகிறார். சூப்பர்வைசர் அடுத்த வரிசைக்குப் போனபிறகும் உன் கை அதேபோலப் பறிக்குமானால், அந்தச் செடிக்கு முன்னே நீ ஆராதிக்கிறாய். உன் எடையைக் குறைத்து எழுதினால் பயப்படாதே, மரியாதையாய்க் கேள். நியாயம் கேட்பது ஆவிக்கு விரோதமான காரியம் அல்ல.

3. கூலி கொடுக்கிறவர்களே: உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பச்சை இலைக்கு விலை இல்லாமல் நீலகிரியின் சிறு விவசாயிகள் 2023 செப்டம்பரிலே உண்ணாவிரதம் உட்கார்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். தொழிற்சாலையிலிருந்து உங்களுக்கு வரவேண்டிய பணம் தாமதமாகும். ஆனாலும் உபாகமம் 24-ம் அதிகாரம், ஏழைக் கூலிக்காரனுக்குச் சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கொடுத்துவிடச் சொல்லுகிறது, ஏனென்றால் அவன் மனம் அதையே நோக்கிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கொடுத்தால் அந்த அம்மா சந்தையில் அரிசி வாங்குவார்கள். எட்டு மணிக்குக் கொடுத்தால் கடை சாத்தியிருக்கும், பிள்ளைகள் பசியோடு தூங்கியிருக்கும். பிடித்துவைத்த கூலி தானாகவே கூக்குரலிடும் என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். உன் ஜெபமும் அந்தக் கூக்குரலும் ஒரே நேரத்தில் மேலே போனால், தேவன் எதற்கு முதலில் செவிகொடுப்பார்? முழுக்கூலி கொடுக்கப் பணம் இல்லையென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் சொல்லாதீர்கள். ரூத் இரண்டாம் அதிகாரத்திலே போவாஸ் வயலுக்கு வந்தவுடன் அறுக்கிறவர்களைக் கர்த்தருடைய நாமத்தினாலே வாழ்த்தினார். நாம் காட்டுக்குப் போனவுடன் என்ன சொல்லுகிறோம்?

4. தூள் விற்கிறவர்களே: கலர் கலந்த தூளை விற்காதீர்கள். ரெண்டு தேக்கரண்டி போட்டாலே டிகாஷன் கருஞ்சிவப்பாய் இறங்குகிறது என்று கஸ்டமர் கேட்கலாம். ஆனால் தேயிலையில் நிறம் சேர்ப்பது உணவுச் சட்டத்துக்கே விரோதம், குடிக்கிறவர் உடம்புக்குக் கேடு. ஒரு வெள்ளை வடிதாளைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் கொஞ்சம் தூளைத் தூவிப் பாருங்கள். உடனே சாயம் பரவினால் அந்தத் தூளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆமோஸ் எட்டாம் அதிகாரத்திலே சிலர் ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள். எதற்கு? படியைச் சிறிதாக்கி விற்க! ஆராதனையில் உட்கார்ந்துகொண்டே கலப்படக் கணக்குப் போடுகிற உள்ளத்தைக் கர்த்தர் அன்றே பார்த்துவிட்டார்.

5. கடையிலே பற்று வைத்திருக்கிறவர்களே: சம்பளம் வாங்கின அன்று கடைக்காரர் வீதிக்கு வந்து நிற்கும்படி வைக்காதீர்கள். முழுதும் முடியாவிட்டாலும் நீங்களே போய், "அண்ணா, இந்த மாசம் இவ்வளவுதான் முடிஞ்சது" என்று கொடுங்கள். பற்று வைத்த கடைக்கு முன்னால் போகக் கூச்சப்பட்டு, வேறு வழியாய்ச் சுற்றி ஜெபவீட்டுக்குப் போகிற விசுவாசியைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

6. ஆராதனை நடத்துகிறவர்களே: பக்கத்து வீட்டார் மேல் நாம் ஏற்றுகிற பாரமும் தராசில் வரும். லைன் வீடுகளுக்கு நடுவிலே ஒரே சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்புறம் ஒரு சகோதரி விடியும் முன்னே எழுந்து சமைத்து வேலைக்குப் போகவேண்டும். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி வந்த வழக்கிலே, 2000 ஆகஸ்ட் 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். இதை உபத்திரவம் என்று நினைக்காதீர்கள். கர்மேலிலே எலியா பாகால் தீர்க்கதரிசிகளைப் பார்த்து, உங்கள் தெய்வம் தூங்குகிறதோ என்னவோ, இன்னும் சத்தமாய்க் கூப்பிடுங்கள் என்று பரியாசம் பண்ணினாரே! நம் தேவன் தூங்குகிறவர் அல்ல. பெட்டியின் சத்தத்தைக் குறையுங்கள். ஜெபத்தைக் குறைக்கவேண்டாம்.

7. வீட்டிலே: வெளியில் எடை சரியாய் இருந்து வீட்டிலே தராசு சாய்ந்திருக்கலாம். மனைவியும் காட்டுக்குப் போய்வருகிறாள், கணவனும் வேலைக்குப் போய்வருகிறார். வந்ததும் ஒருவர் உட்காருகிறார், ஒருவர் அடுப்படிக்குப் போகிறார். சகோதரனே, ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்தால் உன் கனம் குறைந்துபோகாது.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

என் உடன் ஊழியரே, சபை மூப்பர்களே, இதைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. சீலோவிலே தப்பு செய்தது ஏலியின் பிள்ளைகள். ஆனால் கர்த்தர் ஏலியிடம்தான் கணக்குக் கேட்டார். ஏலிக்கு எல்லாம் தெரியும். காதில் விழுந்தது. மெதுவாய் ஒரு வார்த்தை சொல்லியும் பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். வந்த இறைச்சியிலே அவருக்கும் பங்கு இருந்தது.

சபையிலே தசமபாகம் நிறையக் கொடுக்கிறவருடைய தராசைப் பற்றி ஊரே பேசுகிறது. நமக்கும் தெரியும். என்ன செய்யப்போகிறோம்? குறைத்து எடைபோட்ட காசிலே பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பது சுத்தமாகிவிடாது. சகேயு ஆண்டவரைச் சந்தித்த அன்று காணிக்கைப் பெட்டியைத் தேடிப்போகவில்லை. யாரிடம் அநியாயமாய் வாங்கினானோ அவர்களுக்கு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். அப்போதுதான் இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்ததாக இயேசு சொன்னார். லூக்கா 19-ஐ வாசித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவரிடம் தனியாய்ப் போய், அன்போடு, கண்ணீரோடு, "பிரதர், முதல்ல அவங்களுக்குத் திருப்பிக் கொடுங்க, அப்புறம் இங்க கொண்டுவாங்க" என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். காணிக்கை குறையலாம், கட்டட வேலை நிற்கலாம். கர்த்தருடைய கனம் நிற்கும்.

எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று இந்த மலையிலே எத்தனையோ வருஷமாய் முழங்காலில் நிற்கிறோம். வரும் என்று விசுவாசிக்கிறேன். அது வரும்போது முதலில் எங்கே தெரியும் என்று நினைக்கிறீர்கள்? எடை போடுகிற இடத்திலே தெரியும் என்பது என் எண்ணம். "இந்த ஏசுவைக் கும்புடுறவங்க கையில தராசு இருந்தா கவலையில்லை" என்று நீலகிரியின் ஒவ்வொரு கிராமமும் சொல்லும் நாளை எனக்குக் காணவேண்டும். நீங்களும் அதற்காக ஜெபியுங்கள்.

இப்போது இருக்கிற இடத்திலேயே கண்களை மூடி என்னோடு ஜெபியுங்கள்:

அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்களையும் எங்கள் பெற்றோரையும் கடல் கடந்தும் மலை ஏறியும் சுமந்துவந்த உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கையில் நீர் கொடுத்த தராசையும், நோட்டையும், கூடையையும், கல்லாப்பெட்டியையும் உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். ஆராய்ந்து பாரும் ஐயா. சாய்ந்திருப்பதை நிமிர்த்தும். யாருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டுமோ அவர்கள் முகத்தை இன்றைக்கே எங்களுக்கு நினைப்பூட்டும், கொடுக்கப் பெலன் தாரும். உண்மையாய் நடந்ததினால் வேலையை இழந்து நிற்கிற உம்முடைய பிள்ளைகளைத் தாங்கும். எங்களைப் பார்க்கிறவர்கள் உம்மை லேசாக எண்ணாமல் உமக்குக் கனம் செலுத்தும்படி எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்பு சகோதரன்